பெயருக்கு எழாத அலை

என் மனைவி விழுந்தது என் பகிடியால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாமல் விட்டாலும் சொல்வதற்கு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

சாவகச்சேரிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று கந்தோரில் நடந்த கூத்தை அவளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். எனக்கு வேலை ஓய்வூதியப் பகுதியில். ஒரு கிழவர் தான் உயிரோடிருக்கிறார் என்ற சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார். கிராம சேவையாளரின் கையெழுத்து இல்லை. "ஐயா, நீங்கள் உயிரோடை இருக்கிறது எனக்குத் தெரியுது, கந்தோருக்குத் தெரியேல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நல்ல பகிடி என்று நினைத்தேன். பின்னால் சத்தமில்லை. நான் சொல்லி யாரும் சிரிக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது. சிரித்தாளா என்று பார்க்கத் தலையைத் திருப்பினேன். திரும்பவும் முன்னுக்குப் பார்த்தபோது தெருவின் நடுவில் கட்டாக்காலி மாடு ஒன்று நின்றது.

மாட்டுக்கு ஒன்றுமில்லை. எனக்கு முழங்காலில் தோல் போனது. அவள் வாரைப் பூட்டாமல் போட்டிருந்த ஹெல்மெட் ஒரு பக்கம் உருண்டது. அவள் மற்றப் பக்கம்.

தலைக்குள் கட்டியிருந்த இரத்தத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். பிறகு பன்னிரண்டு நாள், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பாதி மொட்டையடித்த தலையோடும் வாயில் குழாயோடும் அவள் கிடந்தாள். கண் திறக்கவில்லை. நகத்தில் அழுத்தினால் கையை இழுப்பாளா என்று பார்த்தார்கள். இழுக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் நான் நடந்துகொண்ட விதத்தை எழுதினால் என் பிள்ளையே என்னோடு கதைக்காது. தாதியொருத்தி பேனையைத் தேடியபோது "ஐயோ, என்ன நடந்தது?" என்று கத்தியிருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரரின் இயந்திரம் கூவியபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் குந்திவிட்டேன். ஆறாம் நாள், "ஐயாவுக்கும் ஒரு கட்டில் போடட்டோ?" என்று சிற்றூழியர் கேட்டார். பகிடிக்காரனைப் பார்த்து இன்னொருவன் பகிடி விடுவது எவ்வளவு கேவலம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பன்னிரண்டாம் நாள் பெரிய டொக்டர் என்னையும் மகளையும் கூப்பிட்டு இருத்தினார். வாய்க்குழாயை இனியும் வைத்திருக்க முடியாது. தொண்டையில் துளையிட்டு, நெடுங்காலத்துக்கு எல்லாச் சிகிச்சையும் செய்துகொண்டு போவது ஒரு வழி. அவளை வதைக்காமல், நோவில்லாமல் பார்த்துக்கொண்டு, நடப்பது நடக்கட்டும் என்று விடுவது மற்ற வழி. எந்த வழி என்று எங்களோடு கதைத்துத்தான் முடிவெடுப்பார்களாம்.

"எழும்புவாவோ, மாட்டாவோ?" என்று நான் கேட்டேன்.

"ஸ்கானை மட்டும் வச்சு அதைச் சொல்லேலாது. மூளை வெளியிலை நடக்கிறதுக்கு மறுமொழி சொல்லுதோ எண்டு பாக்கிற சோதனை ஒண்டு இருக்கு. எங்கடை சின்ன டொக்டர் அதைத்தான் ஆராய்ச்சியாச் செய்யிறா. விருப்பமெண்டால் செய்து பாப்பம்."

விருப்பமா? மாட்டுச் சாணத்தைத் தின்றால் எழும்புவாள் என்று சொல்லியிருந்தாலும், அந்த மாட்டைத் தேடிக்கொண்டு போயிருப்பேன்.

சின்ன டொக்டர் என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். தள்ளுவண்டியில் ஒரு கணினியும் நிறைய வயர்களும் கொண்டுவந்தாள். மனைவியின் தலையில் பசை பூசி வயர்களை ஒட்டினாள். முதலில் மணிக்கட்டில் சின்னதாக மின்சாரம் கொடுத்தாள். மனைவியின் பெருவிரல் துடித்தது.

"ஆடுது! கை ஆடுது! பிள்ளை, அம்மா கையாட்டுறா!"

"ஐயா, அது கரண்டுக்கு ஆடுறது. உங்கடை கையிலை வச்சாலும் ஆடும்." அவள் சிரிக்காமல் சொன்னாள். "கையிலை குடுக்கிறது மூளைவரைக்கும் போய்ச் சேருதோ எண்டுதான் பாக்கிறன். சேருது. அது நல்லது. சேராமல் விட்டிருந்தால் இவ்வளவும் கதைக்கத் தேவையில்லை."

பிறகு மனைவியின் காதுகளில் கருவியை மாட்டி விளக்கினாள். ஒரே மாதிரியான சத்தம் தொடர்ந்து போகும். இடைக்கிடை வேறு மாதிரி ஒன்று வரும். கேட்கிற மூளை அந்த இடத்தில் 'உதென்ன?' என்று ஒரு சின்ன அலை எழுப்பும். மனிதர் அறியாமலே எழுப்பும், நித்திரையிலும் எழுப்பும். என்னுடைய மூளை இந்த இரண்டு கிழமையாக ஒவ்வொரு சத்தத்துக்கும் 'உதென்ன?' என்று கடலளவுக்கு எழுப்பிக்கொண்டிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.

அந்தச் சோதனையில் அலை எழுந்ததா இல்லையா என்று அவளாலேயே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மருந்தின் மயக்கமாகவும் இருக்கலாமாம்.

"இனிப் பெயர். வேறை ஆக்களின்ரை பெயருகளுக்கு நடுவிலை அவவின்ரை சொந்தப் பெயரும் போகும். நல்லாப் பழகின குரலிலை போனால் நல்லது. ஐயா, நீங்கள் சொல்லுங்கோ, நான் பதியிறன். வழமையாக் கூப்பிடுறமாதிரி."

ஒலிவாங்கியை என் வாய்க்கு முன்னால் வைத்தாள். முதலில் மற்றப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். என் மனைவியின் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். கனைத்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்பவும் கனைத்தேன். நடுங்காமல் சொல்லவேண்டும் என்ற பயத்தில் அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"அப்பா," என்றாள் மகள், "றேடியோவிலை மரண அறிவித்தல் வாசிக்கிறமாதிரி இருக்கு."

சின்ன டொக்டர் இன்னும் மூன்று தரம் சொல்லவைத்தாள். மூன்றும் மரண அறிவித்தல்தான். பிறப்பிடத்தையும் வதிவிடத்தையும் சேர்க்காததுதான் குறை. கடைசியில் முன்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் மறுமொழியைச் சொன்னாள். மனைவியின் மூளை தன் பெயருக்கும் மற்றப் பெயர்களுக்கும் ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. யாரோ தெரியாத ஆட்களின் பெயர்களைக் கேட்டதுபோலத்தான் தன் பெயரையும் கேட்டிருக்கிறது.

"அப்ப முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுதெண்டு நான் சொல்லமாட்டன் ஐயா. அலை எழும்பியிருந்தால் நம்பிக்கை கூடியிருக்கும். எழும்பேல்லையெண்டால் எழும்பேல்லை எண்டுதான் அர்த்தம். அவ எழும்பமாட்டா எண்டு அர்த்தமில்லை."

நாற்பது வரியில் விளக்கம் சொன்னால் நாற்பதாவது வரியை மட்டும் பிடித்துக்கொள்கிற ஆள் நான். அன்று ஒன்றையுமே பிடிக்கவில்லை. கனடாவிலிருக்கும் மச்சானுக்கு, அவளுடைய தம்பிக்கு, போனில் சொன்னேன்.

"அத்தான், அக்காவை வதைக்காதேங்கோ. தன்ரை பேரே தெரியாத ஆளை என்னெண்டு திருப்பிக் கொண்டுவாறது? கழுத்திலை ஓட்டை போட்டு வச்சிருக்கிறதை அவ விரும்பமாட்டா."

அதுவும் சரியாகத்தான் பட்டது. எனக்கு அன்றைக்கு யார் என்ன சொல்லியிருந்தாலும் சரியாகத்தான் பட்டிருக்கும். பெரிய டொக்டரிடம் போய், துளை வேண்டாம், விடுங்கோ என்றேன். நாளைக்குக் காலையில் திரும்பவும் கேட்பேன், அதுவரைக்கும் யோசியுங்கள் என்றார். மனைவியின் வாழ்நாளை முடித்துவிட்டு வெளியில் வந்து பிளேன்ரீ வாங்கிக் குடித்தேன். சீனி காணாது என்று கடைக்காரரோடு சண்டையும் பிடித்தேன். இப்படிப்பட்ட மனுசன் நான்.

மகள் பக்கத்து மர வாங்கில் இருந்தாள்.

"அப்பா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"நீங்கள் எப்பவாவது அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனீங்களோ?"

நான் காலிக் கோப்பையை வாங்கில் வைத்தேன்.

"எனக்கெண்டால் கேட்ட ஞாபகமில்லை. நான் பிறந்து இருவத்தொரு வருசமா ஒரே 'இஞ்சேரும்' தான். நீங்கள் நேற்றுப் பேரைச் சொல்ல, அது ஆரின்ரை பேரெண்டு அம்மாவின்ரை மூளை யோசிச்சிருக்கும்."

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். என் மனைவி பண்டத்தரிப்புப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஞானஸ்நானம் கொடுத்து நல்ல நீளமான வேதாகமப் பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் தென்மராட்சிச் சைவர். விரும்பித்தான் கலியாணம் கட்டினோம். என் அம்மா மருமகளை வீட்டுக்குள் எடுத்தார். பெயரை எடுக்கவில்லை. "வேதக்காரப் பேரை என்ரை வாயாலை சொல்லச் சொல்லாதை" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவளிடம் கதைக்கவேண்டியிருந்தால் "பிள்ளை" என்பார். கோபமென்றால் சுவரைப் பார்த்துக் கதைப்பார். நான் என்ன செய்திருக்கவேண்டும்? வாசலில் நின்று அந்தப் பெயரைப் பலமாக ஒருக்கால் கூப்பிட்டிருக்கவேண்டும். நான் செய்ததோ, அம்மாவுக்கும் நோகாமல் அவளுக்கும் நோகாமல், நாட்டில் எல்லாப் புருசன்மாரும் பெண்சாதியைக் கூப்பிடுகிறமாதிரி "இஞ்சேரும்" என்று கூப்பிட்டது. இங்கே பாரும். அவ்வளவுதான் அதன் பொருள். காலை எழும்பினால் இஞ்சேரும், தேத்தண்ணிக்கு இஞ்சேரும், சாவியைக் காணவில்லை என்றால் இரண்டு தரம் இஞ்சேரும்.

பெட்டைக் கோழி என்று என்னைச் சொன்னால் கோழிக்கு அவமானம்.

அம்மா போய் ஆறு வருடம். அதற்குப் பிறகு என்னை மறிக்க யாருமில்லை. ஆனால் பழக்கம் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். மகளுக்கு அம்மா. கனடாக்காரனுக்கு அக்கா. அவளுடைய தாய் தகப்பன் இருந்தபோது ஏதோ செல்லப்பெயர் சொல்வார்கள்; அவர்களும் இல்லை. அந்தப் பெயரை உச்சரித்த கடைசி ஆள் வங்கி எழுதுவினைஞராக இருக்கவேண்டும்.

வாங்கிலிருந்து எழும்பினேன். ஓடினேன். ஒரு செருப்பு வாசலில் கழன்றது, எடுக்கவில்லை. படியேறி, இடப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு இருந்த முப்பது கர்ப்பிணிப் பெண்களுக்கு நடுவில் போய் நின்று, "டொக்டர், அந்தப் பேர் பிழை!" என்று கத்தினேன். ஒருத்தி கையிலிருந்த கிளினிக் அட்டையைப் பதறிப்போய்ப் பார்த்தாள்.

சின்ன டொக்டரைக் கண்டுபிடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு முகம் கறுத்தது. கோபம் என்னிலென்று நினைத்தேன். அவள் தன் தலையில் பேனையால் தட்டிக்கொண்டாள்.

"நான் கேட்டிருக்கோணும். எங்கடை அப்பாவும் அம்மாவை அப்பிடித்தான் கூப்பிடுறவர். நான் கேட்டிருக்கோணும்."

"இப்ப செய்யேலாதோ?"

"செய்யலாம். ஆனால் சும்மா 'இஞ்சேரும்' எண்டு போட்டுப் பாக்கேலாது. அதே நீளத்திலை வேறை சொல்லுகளும் வேணும். இன்னொரு ஆம்பிளையின்ரை குரலும் வேணும். இல்லாட்டி அலை எதுக்கு எழும்பினதெண்டு தெரியாது."

இன்னொரு ஆம்பிளையாக அகப்பட்டவர் எனக்குக் கட்டில் போடக் கேட்ட அதே சிற்றூழியர். ஒலிவாங்கிக்கு முன்னால் வெட்கப்பட்டு நின்றார்.

"ஐயா, உங்கடை மனிசியை நான் இஞ்சேரும் எண்டால் பிறகு பிரச்சினை வராதோ?"

"அவ எழும்பி வந்து சண்டை பிடிச்சால் உமக்குத் தேங்காய் உடைக்கிறன். சொல்லும்."

அவர் தன் வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல இலகுவாகச் சொன்னார். நானும் இந்த முறை கனைக்கவில்லை. வெட்கமான விடயம்: அந்தச் சொல் தண்ணீர்போல வந்தது.

மருந்தைக் கொஞ்சம் குறைத்து, மத்தியானம் சோதனை செய்தார்கள். என்னை வெளியில் நிற்கச் சொன்னார்கள். சைவக்காரனான நான் மனைவியின் ஜெபப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதாக மகள் பிறகு சொன்னாள்.

மூன்று மணிபோலச் சின்ன டொக்டர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மற்றச் சொற்களுக்குத் தட்டையாகப் போகும் கோடு ஒரு இடத்தில் மெல்லிய மேடாக எழும்பியிருந்தது. வயலில் எலி மண் தள்ளினதுபோல. அவ்வளவுதான். அதைப் பார்த்து நான் அழுதேன்.

"இது 'இஞ்சேரும்'. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தனான், ஒவ்வொருக்காலும் எழும்புது. மூளை அந்தச் சொல்லை வேறையாப் பிடிக்குது. இது வாக்குறுதியில்லை ஐயா. ஆனால் காலமை எடுத்த முடிவை நான் பெரியவரிட்டைச் சொல்லி மாத்தச் சொல்லுவன்."

"இதுக்குப் பக்கத்திலை இன்னொரு மேடு இருக்கே? இதைவிட உயரமா?"

அவள் கணினியை மூடப் பார்த்தாள்.

"அது மற்றவரின்ரை குரல்."

"எனக்குக் கட்டில் போடக் கேட்ட ஆளின்ரையோ?"

"குரல் வித்தியாசத்தைப் பெரிசா எடுக்காதேங்கோ. அவர் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம். சொல்லை மூளை தெரிஞ்சு வச்சிருக்கு. அது போதும்."

எனக்கும் போதும் என்றுதான் தலையாட்டினேன். வெளியில் வந்து மகளிடம், "கொம்மாவுக்கு என்னைவிட உந்தாளைத்தான் பிடிச்சிருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை. இருபத்துநான்கு வருடம் நான் கூப்பிட்ட கூப்பாட்டில் என்னுடையது என்று ஒன்றுமே இருக்கவில்லை. எந்தப் புருசனும் எந்தப் பெண்சாதிக்கும் சொல்லும் சொல். அதைத்தான் அவள் மூளை தனக்கென்று எடுத்து வைத்திருந்தது. வேறு எதையும் நாங்கள் அவளுக்கு விட்டு வைக்கவில்லை.

தொண்டையில் துளையிட்டார்கள். இருபத்தாறாம் நாள் கண் திறந்தாள். அதற்குப் பிறகும் பார்வை யாரிலும் நிலைக்க மேலும் இரண்டு கிழமை போனது. வார்டுக்கு மாற்றியபின் நான் போய் "இஞ்சேரும்" என்றால் தலை மெல்லத் திரும்பும். சந்தோசப்பட்டேன். ஒருநாள் பார்வையாளர் நேரத்தில், கோர்லிக்ஸ் போத்தலைக் கொண்டுவந்த யாரோ ஒரு மனுசன் மூன்றாம் கட்டிலில் கிடந்த தன் பெண்சாதியை "இஞ்சேரும்" என்றார். என் மனைவியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. மற்றப் பத்துக் கட்டிலிலும் கூடத் தலைகள் திரும்பின.

இப்போது வீட்டில் இருக்கிறாள். வலக்கை வசமில்லை. பிடித்துக்கொண்டால் கிணற்றடிவரைக்கும் நடப்பாள். சொற்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வரும். பள்ளிக்கூடம் முடிந்த கதை. முதல் கிழமையிலிருந்து நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுகிறேன். ஐம்பத்துமூன்று வயதில், கிணற்றடியில் நின்று சொந்தப் பெண்சாதியின் பெயரைச் சொல்லும்போது அயல் வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார். அவள் பார்ப்பதில்லை.

போன மாதம் சின்ன டொக்டர் போன் எடுத்தாள். ஆறு மாதம் முடிந்துவிட்டது, தன் கணிப்புச் சரியோ பிழையோ என்று எழுதவேண்டும், சில கேள்விகள் கேட்கட்டோ என்றாள். தானாகச் சாப்பிடுகிறாளா? இடக்கையால். ஆட்களைத் தெரிகிறதா? தெரிகிறது. அழுகிறாளா? நான் அழுவதைவிடக் குறைவு.

"கூப்பிட்டால் மறுமொழி சொல்லுறாவோ?"

"ஒரு நிமிசம் நில்லுங்கோ பிள்ளை, அவவையே கேக்கிறன்."

கதிரையில் இருந்த மனைவிக்குப் பக்கத்தில் குந்தினேன். நெடுநாளாகக் கேட்கப் பயந்த கேள்வி. டொக்டரைச் சாட்டிக் கேட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரியிலை நீர் கண் திறக்க முந்தி, நான் கூப்பிட்டது கேட்டதோ?"

அவள் யோசித்தாள். இடக்கை விரல்கள் சீலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தன.

"ஓம்... கேட்டது."

"என்ன கேட்டது?"

"ஆரோ... ஆரையோ... கூப்பிட்டது."

போனுக்குள் சின்ன டொக்டர் "ஐயா, என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மறுமொழி சொல்லுறா எண்டு எழுதுங்கோ," என்றேன். "உங்கடை கணிப்புச் சரி."